‘இல்லை’ என்று சொன்ன வாரம்

ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தேன். பட்டுக் கடைக்காரர்கள் காஞ்சிபுரத்துக்கும் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் ட்ரங்க் கால் போட்டுக்கொண்டே இருப்பார்கள். காலை எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் இரண்டு மணி வரை கழற்ற நேரமிருக்காது. எட்டு வருடம் அந்த வேலை பார்த்த எனக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை, கையிலிருந்த ஒயரைப் பலகையில் எந்தத் துளையில் செருகுவது என்று தெரியாமல் போய்விட்டது. எதிரே அழைப்பு விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சூப்பர்வைசர் அம்மா வந்து தோளைத் தொட்டார். "இன்னாம்மா ஞானம்? உடம்புக்கு இன்னா?"

என்னவென்று எனக்கும் தெரியவில்லை. எனக்கு வந்த முதல் பயம் அதுதான்.

அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. வேலூரில் எனக்கு வைத்தியம் பார்த்த கமலா டாக்டர், புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் நர்சுகளிடமும் இளம் டாக்டர்களிடமும் வந்து பேசச் சொன்னார். பேசியே சம்பளம் வாங்குகிறவள்தான் நான். ஆனாலும் இதைப் பற்றி நாலு பேர் முன்னால் நின்று பேச நாக்கு எழாது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. சோறு மண் போல இருந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். விழித்ததும் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம். பக்கத்தில் என் மகள் பியூலா தூங்குவாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு எதுவுமே தோன்றாது. பெற்ற பிள்ளையைப் பார்த்து எதுவும் தோன்றாமல் இருப்பது எவ்வளவு பயங்கரமானது என்று அதை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

என் வீட்டுக்காரர் சாமுவேல் வீட்டிலேயே பட்டுத் தறி நெய்பவர். நல்ல மனிதர். குடிப்பழக்கம் இல்லை, கை நீட்டியதில்லை. வீட்டில் சண்டை இல்லை, சாவு இல்லை. எனக்குக் காரணம் என்று ஒன்றுமே இல்லை. காரணம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழலாம்.

கடைத்தெரு டாக்டர் டானிக் கொடுத்தார். ரத்தம் எடுத்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் போல ஏதோ குடிக்க வைத்து வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே எல்லாத் தாளிலும் வந்தது. கடைசியில் அந்த டாக்டர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உடம்புல கோளாறு இல்லைங்க. வேலூருக்குக் கூட்டிப்போயி மனசு டாக்டருங்ககிட்ட காட்டுங்க" என்றார்.

வெளியே வந்ததும் நான் சாமுவேலின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "அங்க வேணாங்க. கரண்ட் வெப்பாங்க. பைத்தியம்னு எழுதிட்டா வேல போயிடும்."

"வேல போனா போவட்டும்" என்றார்.

இன்னொன்றை நான் அவரிடம் சொல்லவில்லை. செத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் எனக்கு வந்திருந்தது. அது கூச்சல் போட்டுக்கொண்டு வரவில்லை. மிகவும் நியாயமாகப் பேசியது. நீ இல்லாவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருப்பார்கள் என்றது. ஒரு நாளில் நூறு பேருடைய குரலைக் கேட்பவள் நான். அந்தக் குரல் என்னுடையதா வேறு யாருடையதா என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கே என்னோடு தனியாக இருக்கப் பயமாக இருந்தது.

யாரிடம் சொல்வது? எங்கள் சபையில் அது மன்னிப்பில்லாத பாவம் என்று பேசிக்கொள்வார்கள். சட்டத்தில் அது போலீஸ் கேஸ். ஆபீசில் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே முடியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

வேலூரில் வெளிநோயாளிகள் பெஞ்சில் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். எனக்கு எதிரே ஒரு பெண் தன் முந்தானை நுனியை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இனி நானும் இப்படித்தான் என்று நினைத்தேன். பெயர் கூப்பிட்டார்கள். சாமுவேல் என்னைக் கையணைத்துக் கூட்டிப்போனார்.

கமலா டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். சேலை மடிப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுவார். என்னிடம் முக்கால் மணி நேரம் விசாரித்தார். பிறகு சொன்னார்:

"இதுக்குப் பேரு டிப்ரெஷன். மனச்சோர்வு நோய். சோம்பேறித்தனம் இல்ல, பேய் இல்ல, விசுவாசம் கொறஞ்சதும் இல்ல. சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதி. மாத்திரை இருக்கு. ஆனா ஜல்தியா வேல செய்யாது. ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் இங்கயே இருங்க."

அந்த மருத்துவமனையில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் தங்க வேண்டும். ஒரு அறை, இரண்டு கட்டில், பின்னால் பொதுவான சமையல் கொட்டகை. சாமுவேல் தறியில் ஏற்றிய பாவு நூலை அப்படியே விட்டுவிட்டு வந்து தங்கினார். பியூலாவை நாத்தனார் வீட்டில் விட்டோம். அறையில் ஜன்னலுக்குக் கம்பி இருந்ததைப் பார்த்துத்தான் நான் முதல் நாள் அழுதேன். அவர் அந்தக் கம்பியில் என் ஈரத் துண்டைக் காயப்போட்டார். "நம்ம வூட்டு ஜன்னல்லயும் கம்பி கீதே" என்றார்.

மாத்திரை வாயை உலர்த்தியது. எழுதப் பேனா எடுத்தால் விரல் ஆடியது. கண் மங்கியது. நோய் போகவில்லை, புதிதாக நாலு தொல்லைகள்தான் வந்தன என்று பட்டது. சாமுவேல் ஒவ்வொரு வேளையும் என் வாய்க்கு எலுமிச்சம்பழத் துண்டு நறுக்கிக் கொடுப்பார். தறி நெய்யும் கை அல்லவா, எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்கும். நான் நன்றிகூடச் சொன்னதில்லை.

எங்கள் வரிசை அறைகளுக்கு ஸ்டெல்லா என்ற பயிற்சி நர்ஸ் வருவாள். செய்யார்ப் பெண். இருபத்தொரு வயது. ரத்த அழுத்தம் பார்க்கும்போது அவள் கைதான் சில்லென்று இருக்கும். இரண்டாவது வாரம் முடியும்போது ஒரு திங்கட்கிழமை, என் கட்டிலோரம் நின்று, சார்ட்டைப் பார்த்தபடியே வேகமாகக் கேட்டாள்.

"அக்கா, தப்பான எண்ணம் எதுவும் வரலயே?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். எழுதிக்கொண்டாள். என் பதில் அவளுக்கு எவ்வளவு நிம்மதியைக் கொடுத்தது என்று எனக்குத் தெரிந்தது. அவள் அதைத்தான் கேட்டாள், நான் அதைத்தான் கொடுத்தேன்.

அந்த வாரம் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. தலை வாரிக்கொண்டேன். முற்றத்தில் நடந்தேன். எல்லோரும் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. எனக்குள்ளே நடந்தது வேறு. ஒரு முடிவு வந்து உட்கார்ந்துவிட்டது. என்ன முடிவு, எப்படி என்பதை நான் எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தேவையில்லை. முடிவு வந்ததும் பயம் நின்றுபோனது என்பதை மட்டும் சொல்கிறேன். மாதக்கணக்காக நடுங்கியவளுக்குத் திடீரென்று அமைதி. அந்த அமைதியைத்தான் எல்லோரும் குணமென்று எடுத்துக்கொண்டார்கள். இன்று நினைக்கும்போது, நோயின் எந்த நாளையும்விட அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்துகிறது.

வியாழக்கிழமை மத்தியானம். சாமுவேல் ஊருக்குக் கொண்டுபோகப் பியூலாவுக்கு ஏதோ வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் சமையல் கொட்டகையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பறை. சுவர் கூரை வரை போகாது. மேலே இரண்டு முழம் திறந்திருக்கும். குரல்கள் கேட்டன.

கமலா டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மோகன், நீ பேஷண்ட். ஸ்டெல்லா, நீ நர்ஸ். ஆரம்பிங்க."

மோகன் என்பவர் சின்ன டாக்டர். நாற்காலி இழுக்கும் சத்தம். ஸ்டெல்லாவின் குரல்: "சார்... தப்பான எண்ணம் எதுவும் வரலயே?"

"இல்ல சிஸ்டர்" என்றார் மோகன். யாரோ சிரித்தார்கள்.

"நிறுத்து" என்றார் கமலா டாக்டர். "ஏன் இல்லன்னு சொன்ன, மோகன்?"

"அவங்க கேட்டதே அப்படித்தானே டாக்டர்? ஆமான்னு சொன்னா அவங்களுக்குப் பேஜாராயிடும்போல இருந்துச்சு."

"அதான். ‘வரலயே’ன்னு கேட்டா பதில நாமளே அவங்க கையில குடுத்துடறோம். ‘தப்பான’ன்னு சொன்னா, நீ தப்பு பண்ணினியான்னு கேக்கற மாதிரி. யாரு ஒத்துப்பாங்க? அந்த வார்த்தைய நேரா சொல்லிக் கேக்கணும். செத்துப்போகணும்னு தோணுதா? தற்கொல பண்ணிக்கலாம்னு நெனைக்கிறீங்களா? சொல்லு பாக்கலாம்."

குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடினேன்.

"நேரா கேட்டா, இல்லாத நெனப்ப நாமளே உண்டாக்கின மாதிரி ஆயிடாதா டாக்டர்?" என்று மோகன் கேட்டார்.

"ஆகாது. இல்லாதவங்க இல்லம்பாங்க. இருக்கறவங்களுக்கு, இத வெளிய சொல்ல ஒரு ஆள் கிடைச்சாங்கன்னு இருக்கும். ஸ்டெல்லா, நீ சொல்லு."

ஸ்டெல்லா தொடங்கினாள். "செத்து..." நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினாள். குரல் உடைந்தது. "பயமா இருக்கு டாக்டர். ஆமான்னு சொல்லிட்டா நான் இன்னா செய்வேன்?"

"இன்னா செய்வே?"

"ஓடியாந்து உங்களக் கூப்பிடுவேன்."

"மொதல்ல ஓடாத. உக்காரு. அவங்க சொல்றதக் கேளு. புத்திமதி சொல்லாத, ஜெபம் பண்ணுன்னு சொல்லாத, புள்ளய நெனச்சுப் பாருன்னு சொல்லாத. அவங்க அத நெனைக்காமலா இருப்பாங்க? தனியா விடாத. அப்புறமா கூப்பிடு, நான் வரேன்."

அவரே மேலும் சொன்னார். "இன்னொண்ணு. மாத்திரை மொதல்ல கை காலுக்குத் தெம்பு குடுக்கும். மனசு தெளியறதுக்கு அதுக்கப்புறம் நாளாகும். நடுவுல இருக்கற அந்த நாளுங்கதான் ரொம்ப ஆபத்து. நல்லா ஆயிட்டாங்கன்னு நாம அனுப்பி வெச்சிடுவோம்."

பாத்திரத்தைக் கீழே வைத்தேனா, கையிலேயே எடுத்துக்கொண்டு போனேனா, நினைவில்லை. ஸ்டெல்லா பிறகு சொன்னாள், அரிசி களைந்த தண்ணீர் வாசலிலிருந்து உள்ளே வரை சொட்டியிருந்ததாம். நான் அந்த வகுப்பறைக்குள் போய் நின்றேன். ஏழெட்டுப் பேர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போயிருந்த பயம் மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டது.

"திங்கக்கெழம நான் பொய் சொன்னேன்" என்றேன்.

கமலா டாக்டர் எழுந்தார். மற்றவர்களைக் கண்ணாலேயே வெளியே அனுப்பினார். ஒரு நாற்காலியை எனக்குத் தள்ளினார். ஸ்டெல்லாவை மட்டும் இருக்கச் சொன்னார். தான் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஸ்டெல்லா என் எதிரில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் உதடு துடிப்பதைப் பார்த்தேன். இந்தப் பெண்ணால் கேட்க முடியாது, நான் எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் கேட்டாள். மெதுவாக, என் கண்ணைப் பார்த்து.

"அக்கா, செத்துப்போயிடணும்னு தோணுதா?"

"ஆமா" என்றேன்.

கூரை இடிந்து விழவில்லை. போலீஸ் வரவில்லை. அவள் ஓடவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு, "எப்பலேருந்துக்கா?" என்றாள்.

நான் சொன்னேன். சனிக்கிழமை வீட்டுக்குப் போன பிறகு என்று வைத்திருந்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த நியாயமான குரல் சிறுத்துக்கொண்டே போனது. வெளியே கேட்கும்போது அது அவ்வளவு நியாயமாக இல்லை. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. ஸ்டெல்லாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் என் பேச்சை ஒரு தடவைகூட வெட்டவில்லை.

முடிவில் கமலா டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "சொன்னதுக்கு ரொம்ப நன்றி, ஞானம். சனிக்கெழம எங்கயும் போகல. உங்கள இன்னிலேருந்து ஒரு நிமிஷம்கூடத் தனியா விட மாட்டோம். ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுக்காரர்கிட்ட இதச் சொல்லணும்."

"வேணாம் டாக்டர். அவரு தாங்க மாட்டாரு."

"அவருக்குத் தெரியாம உங்களக் காப்பாத்த எங்களால முடியாது."

சாமுவேல் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பியூலாவுக்குக் கண்ணாடி வளையல். டாக்டர்தான் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டலம் அவர் மடியிலிருந்து நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"நான் இன்னா கொற வெச்சேன், ஞானம்?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். கமலா டாக்டர் அவர் பக்கம் திரும்பி, "நீங்க ஒண்ணும் கொற வெக்கல. வியாதிக்கு அதெல்லாம் தெரியாது. அவங்களுக்கு நீங்க பதில் சொல்ல வேணாம். கேட்டா போதும். எங்க பசங்களுக்குச் சொல்லித் தர்றதையே உங்களுக்கும் சொல்லித் தரேன்" என்றார்.

அடுத்த வாரமெல்லாம் சாமுவேல் அந்த வகுப்புக்குப் போனார். பயிற்சி டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நடுவில், கைலி கட்டிய ஒரு நெசவாளி. அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. மோகன் பேஷண்டாக உட்காருவார், இவர் "சா..." என்று தொடங்கிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவாராம். ஒருநாள் மோகனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாராம். ஸ்டெல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் இன்னும் ஐந்து வாரம் இருந்தேன். மாத்திரை அளவைக் கூட்டினார்கள். நான் அவ்வளவு பயந்த கரண்ட் சிகிச்சை எனக்குத் தேவைப்படவில்லை. எதிர் அறையில் ஒரு அம்மாவுக்குக் கொடுத்தார்கள். அவர் மயக்கம் தெளிந்து வந்து காபி கேட்டதை நானே பார்த்தேன். ஸ்டெல்லா தினமும் வந்து நேராகக் கேட்டாள். சில நாள் ஆமா என்றேன். சில நாள் கொஞ்சம் என்றேன். ஒரு காலையில், ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, அது உப்பாக இருக்கிறது என்று தெரிந்தது. ருசி திரும்பியிருந்தது. சந்தோஷம் வரவில்லை. மறுபடி போய்விடுமோ என்ற பயம்தான் வந்தது. அந்தப் பயம் இப்போதும் உண்டு. சரியாகத் தூங்காத ஒவ்வொரு வாரமும் அது வந்து எட்டிப்பார்க்கும். வந்தால் நான் காத்திருக்காமல் வேலூருக்கு பஸ் ஏறிவிடுகிறேன்.

வீட்டுக்குத் திரும்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஆரணி பஸ்ஸில் நல்ல கூட்டம். பஸ்ஸின் நடுவில் எங்களுக்கு இரண்டு பேர் உட்காரும் சீட் கிடைத்தது. வேலூரைத் தாண்டியதிலிருந்து சாமுவேல் கை இரண்டையும் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணமங்கலம் வரும்போது என் பக்கம் சாய்ந்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார்.

"ஞானம், செத்துப்போலாம்னு இப்போ தோணுதா உனக்கு?"

அவர் பாதி சொல்லும்போதே டிரைவர் ஸ்டாப்பில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். மீதிக் கேள்வி பஸ் முழுக்கக் கேட்டது.

முன் சீட்டில் கூடையோடு இருந்த அம்மா திரும்பினார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். சாமுவேலின் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் கேள்வியை விழுங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லோரும் திரும்பிக்கொள்வார்கள். நான் உண்மையைச் சொன்னேன்.

"காலைல பஸ் ஏறும்போது தோணிச்சு. இப்போ இல்லைங்க."

அவர் தலையசைத்தார். இரண்டு மூன்று தடவை அசைத்தார். முன் சீட்டு அம்மா எதுவும் கேட்காமல் கூடைக்குள் கைவிட்டு, பிளந்து உப்பு மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிக்காய் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "துன்னும்மா" என்றார். திரும்பிக்கொண்டார்.

நான் பாதியைப் பிட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

"வூட்டுக்குப் போயி மறுபடி கேப்பேன்" என்றார்.

"கேளுங்க" என்றேன்.